முறியாத பத்தியம்

உடல் மெலிவதற்காக அம்மா கிழமைக்கொரு ஊசி போட்டார். ஊசி பசியைக் கொன்றது, களைப்புத்தான் மிஞ்சியது. டொக்டரைக் கேட்டுவிட்டு, களைப்புக்காக ஹனோவரிலுள்ள கொரிய வைத்தியர் பாக்கிடம் கூட்டிப்போனேன். அவர் மூலிகைக் கஷாயம் கொடுத்து, பசிக்காவிட்டாலும் தினமும் முட்டையும் மீனும் சாப்பிடச் சொன்னார், இல்லாவிட்டால் தசை கரைந்துவிடுமாம். அவர் ஜேர்மனில் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அம்மா "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

வேலைக்குப் போகுமுன் தினமும் முட்டை அவித்து வைத்தேன். மாலையில் தட்டு வெறுமையாக இருக்கும்.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில், "என்னக்கா, குமர்ப்பிள்ளை மாதிரி வந்திட்டீங்கள்!" என்று எல்லோரும் மெச்சினார்கள். அம்மாவுக்கு ஒரே புழுகம், முகமெல்லாம் பூரிப்பு. அடுத்த கிழமை குளியலறையில் கால் தளர்ந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் தாதி வைத்த முட்டையையும் அம்மா தள்ளிவிட்டார்.

"அப்ப நான் அவிச்சு வச்சதெல்லாம் எங்கயம்மா?"

"குப்பையிலை. கஷாயம் குடிக்கேக்கை முட்டை, மீன் தொடலாமே? பாவம், அந்தக் கொரியப் பிள்ளைக்குப் பத்தியம் தெரியேல்லை."

"எலும்பெல்லோ முறிஞ்சு கிடக்குது!" என்று கத்தினேன்.

"எலும்பு முறிஞ்சால் பொருந்தும்," என்றார் அம்மா. "பத்தியம் முறிஞ்சால்?"