எடைமேடையில் குச்சி

மார்ச் பதினேழாம் தேதி காலை பத்தே கால் மணிக்கு, புறவழிச் சாலையோரத்து லாரி எடைமேடையின் நடுவில் ஒரு நாய் நின்றது. அறைக்குள் இருந்த திரையில் சிவப்பு எண்களில் 30 என்று விழுந்தது.

ஆபரேட்டர் அதை மஞ்சள் அட்டையில் குறித்தார். அதற்கு மேலிருந்த கட்டத்திலும் முப்பது, அதற்கு மேலும் முப்பது. நாயைத் தத்துக் கொடுத்த காப்பகம் கொடுத்த அட்டை அது. மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுத வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. தத்தெடுத்தது ஒரு பதினேழாம் தேதி என்பதால், அவர் மனைவி மாதாமாதம் அதே தேதியில் எழுதி வந்தாள். அவள் போன பிறகு அவர் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

வெளியே ஜல்லி லாரி ஒன்று ஹாரன் அடித்தது. ஓட்டுநரை எல்லாரும் தகரம் என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி.

"ஆபரேட்டரே, முதல்ல அந்தச் சரக்க இறக்குங்க. பன்னெண்டு மணிக்குள்ள நான் ஜல்லி கொட்டியாகணும்."

"பொறுப்பா. மெதுவாத்தான் இறங்குவான்."

"குச்சின்னு பேரு வெச்சீங்க. அது கட்டையாகி எத்தன நாளாச்சு, அந்தப் பேரயாவது மாத்துங்கண்ணே!"

ஆபரேட்டர் சிரித்தார். இந்தக் கேலி அவருக்குப் பிடிக்கும். காப்பகத்திலிருந்து வந்த நாளில் குச்சியின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மனைவிதான் எண்ணிப் பார்த்து, ஒரு பக்கம் பதின்மூன்று என்று சொல்லி, பேரையும் வைத்தாள். அந்த உடம்பு இன்று கட்டை என்று கேலி செய்யும்படி ஆகியிருப்பது, அவள் விட்டுப்போன வேலையை அவர் ஒழுங்காகப் பார்த்திருப்பதற்குச் சான்று போல அவருக்குத் தோன்றும்.

குச்சி மேடையிலிருந்து இறங்கவில்லை. முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தது, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. அவர் ஓடிப்போய்த் தலையைத் தூக்கியபோது வாயிலிருந்து நூலாக எச்சில் ஒழுகியது. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை அடித்தது. தகரம் நாயை இரு கைகளாலும் வாரியெடுத்து லாரியின் முன்சீட்டில் கிடத்தினான். எடை போடாத ஜல்லியோடு லாரி கால்நடை மருத்துவமனை வாசலில் போய் நின்றது.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ரத்தம் எடுத்து அனுப்பி, ஊசி போட்டு, சலைன் ஏற்றிவிட்டுத்தான் பேச உட்கார்ந்தாள்.

"சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. தண்ணி நிறைய குடிச்சிருக்குமே?"

"குடிச்சான். வெயில்னு நெனச்சேன்."

"எடை முப்பத்தி நாலு அறுநூறு. இவன் உடம்புக்கு இருபத்திரண்டு இருக்கணும். நீங்க எடையே பாக்கலையா?"

அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். ஒரு மாதம்கூட விடவில்லை என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் ரோஷமும் இருந்தது. டாக்டரம்மா விரலை வைத்துக் கட்டம் கட்டமாக இறங்கினாள். இருபது, இருபது, அதற்குப் பிறகு பதினாலு முப்பதுகள்.

"அதெப்படிங்க, பதினாலு மாசமும் அச்சடிச்ச மாதிரி முப்பது? எதுல பாத்தீங்க?"

"எங்க எடைமேடைல. லாரி ஏத்துறது."

"அது எத்தன கிலோவுக்கு ஒரு தடவ மாறும்?"

அவருக்குப் பதில் தெரியும். இருபத்தொரு வருடமாக அந்த மேடையை ஓட்டுகிறார். சில்லறைச் சரக்கோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும்போது அவரே சொல்வதுண்டு: இந்த மெஷினுக்குப் பத்து கிலோவுக்குள்ள கண்ணு தெரியாதுப்பா, வேற எங்கயாவது போ. இருபத்தைந்தும் அதற்கு முப்பதுதான், முப்பத்து நாலும் முப்பதுதான்.

"பத்து," என்றார்.

டாக்டரம்மா பேனா மூடியைத் திருகித் திறந்து, "என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டாள்.

"அவனோட தீனி. காலையில ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். அளவெல்லாம் சரியாத்தான் போடுவேன். அப்புறம் ரெண்டு வேளையும் அவ பங்கு."

"யாரு பங்கு?"

"வீட்டுக்காரியோடது."

"ஏன், அவங்க சாப்பிட மாட்டாங்களா?"

"அவ போயி பதினாறு மாசமாச்சு, டாக்டர்."

நோயில் கிடந்தபடி அவள் சொல்லச் சொல்லத்தான் அவர் சமைக்கப் பழகினார். ரெண்டு டம்ளர் அரிசி, அஞ்சு டம்ளர் தண்ணி. அந்தக் கணக்கைத் தவிர வேறு கணக்கு அவர் கைக்கு வரவில்லை. முதல் வாரத்தில் ஒருநாள் ஒரு டம்ளர் மட்டும் எடுத்துப்போட்டுப் பார்த்தார். அந்தப் பாத்திரத்தின் அடியில் கிடந்த அரிசியைப் பார்க்க முடியாமல் இன்னொரு டம்ளரையும் கொட்டினார். இரண்டு தட்டில் பரிமாறினார். எதிரே இருந்த தட்டைக் குச்சி காலி செய்தது. காலியான தட்டைக் கழுவி வைக்கும்போது, வீட்டில் இன்னும் இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள் என்று ஆனது. கடைசி நாட்களில் அவள் இரண்டு முறை சொன்னதும் ஒன்றே ஒன்றுதான்: "குச்சிய பட்டினி போட்டுராதீங்க." அவள் பயந்தது பட்டினிக்கு. அவர் போடவில்லை.

நாலு நாள் கழித்துக் குச்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, வேளைக்கு இத்தனை கிராம் என்று நிறுத்துப் போடும் தீனி, வாரம் ஒரு முறை எடை. "வீட்டு மெஷின்ல பாருங்க, உங்க மேடைல வேணாம்," என்றாள் டாக்டரம்மா. சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டு மெஷின் கட்டிலுக்கடியில் சுவரோரமாகக் கிடந்தது. அவள் போன மறுநாள் அவரே காலால் தள்ளிவிட்டது. குனிந்து இழுத்தபோது தூசியோடு வந்தது. துடைத்துவிட்டு, எப்படி எழுதுவது என்று பார்க்க அட்டையைத் திருப்பினார். அவள் எழுதிய பக்கத்தை அவர் அதுவரை நிதானமாகப் படித்ததில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள், பிறகு தனியாக ஏறிக் கழிப்பாள். கழித்த கணக்கையும் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தாள். முதல் கட்டங்களில் குச்சியின் எடை மெல்ல மெல்ல ஏறி வந்திருந்தது.

நாங்க 80.3. நான் 58.2. குச்சி 22.1.

அடுத்த மாதம் நான் 56.9. அதற்கடுத்து 54. குச்சி இருபத்திரண்டிலேயே, சில கிராம் அப்படி இப்படி, அசையாமல் நின்றது. நாங்க 69.8, நான் 47.5 என்பது வரைக்கும் கணக்கு இருந்தது. அந்த உடம்போடு நாயைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள், அவர் மேடையில் லாரிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பகலில். அதற்குக் கீழ்க் கட்டத்தில் எண் இல்லை. 'தூக்க முடியல' என்று எழுதியிருந்தது.

அவர் அட்டையோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். குச்சி வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்தது.

பிறகு எழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கினார். நாங்க 97.7. நான் 63.6. குச்சி 34.1.

சாப்பாட்டு நேரம்தான் கொடுமையாக இருந்தது. குச்சி தன் தீனியை நாலு வாயில் முடித்துவிட்டு, எதிர்த் தட்டு இருக்கும் இடத்தில் போய் உட்காரும். தட்டு வராது. அவர் முகத்தைப் பார்க்கும். குரைக்காது, முனகாது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோலக் காதை மடக்கிக்கொண்டு காத்திருக்கும். "இல்லடா, உனக்கு ஆகாது. அவளே திட்டுவா," என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் சென்று நின்றபடி, கதவுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டார். ஒரு டம்ளர் அரிசி அந்தப் பாத்திரத்தில் இரண்டு முறை அடிப்பிடித்தது.

மறு வாரம் நாங்க 96.2, நான் 63.2, குச்சி 33. எடைமேடை அறையில் தகரத்திடம் அதைக் காட்டினார்.

"ஒரு கிலோ எறங்கிட்டான் பாரு."

"விடுங்கண்ணே, இன்னும் ஆறு மாசத்துல பழைய குச்சி ஆயிடுவான். அப்ப நான் வாய மூடிக்கிறேன்."

ஏப்ரல் ஆறாம் தேதி குச்சி தீனியைத் தொடவில்லை. எட்டாம் தேதி தண்ணீரையும் தொடவில்லை. சிறுநீரகம் முன்பே கெட்டுப்போயிருந்தது என்றாள் டாக்டரம்மா. அவர் கேட்டது ஒரு கேள்விதான்.

"ஒரு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா?"

அவள் குச்சியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றாள் கடைசியில். பொய் சொல்லாததற்காக அவளிடம் அவருக்கு மரியாதை வந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்குக் குச்சி இறந்தது.

விதிப்படி அட்டையைக் காப்பகத்துக்குத் திருப்பித் தர வேண்டும். தொலைபேசியில் கேட்ட பெண்ணிடம் இந்த மாதம் முடியட்டும் என்றார்.

பதினேழாம் தேதி காலை, வேலைக்குக் கிளம்பும் முன், செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினார். கைகள் இரண்டும் எதையோ ஏந்தியிருப்பதுபோல வயிற்றுக்கு நேரே மடங்கியிருந்தன. எண் நிற்கும்வரை அசையாமல் நின்றார். இறங்கி, அட்டையில் 'நான்' என்று எழுதி, பக்கத்தில் 61.9 என்று போட்டார். மற்ற இரண்டு இடங்களையும் காலியாக விட்டார்.