முப்பதாம் நாள் நிலவரம்

பதினேழு வருடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ஈரலிலிருந்து நாயிடமிருந்து தொற்றும் நாய்ப்புழுக் கட்டியை எடுத்தவள் அசில்கான் மமிரோவ்னா. கத்தி பிடித்து ஒரு நாளும் தடுமாறாத கை. அந்தக் கையை ஒரு மருத்துவப் பத்திரிகையின் இணையப் படிவம் தடுமாற வைத்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறுவைகளைப் பற்றிய கட்டுரையை நான்கு தடவை அனுப்பினாள். நான்கு தடவையும் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலே திருப்பிவிட்டார்கள். முதல் தடவை, சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டிவிட்டதாம். இரண்டாவது தடவை, படங்கள் போதிய தெளிவில் இல்லையாம். மூன்றாவது தடவை, மேற்கோள் பட்டியலில் புள்ளி வர வேண்டிய இடத்தில் கால்புள்ளி வந்துவிட்டதாம். அடப் பாவிகளா, ஆடு மேய்க்கிறவன் வயிற்றில் முலாம்பழம் அளவுக்குக் கட்டி என்கிறேன், உங்களுக்குக் கால்புள்ளிதான் கவலையா என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். திட்டுவதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை என்பதால் நன்றாகவே திட்டினாள்.

நான்காவது தடவை திரும்பி வந்ததுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. யோசனை யாருடையது, அறுவை செய்தது யார், தகவல் திரட்டியது யார், எழுதியது யார் என்று தனித்தனிக் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தன் பெயரையே எழுதிக்கொண்டு வந்தபோது அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு காலத்தில் அந்த மாவட்ட மருத்துவமனையில் நான்கு சர்ஜன்கள். ஒருவர் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனார், இருவர் ருஷ்யாவுக்குப் போனார்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம் மிச்சம் இவள்தான். ஆனாலும் வழக்கத்தை விட முடியுமா? கட்டுரையில் முதல் பெயர் தலைமை மருத்துவர் ஜொலோன்பெக் ஒரோஸோவிச்சுடையது. அவர் ஒரு கட்டியைக்கூடத் தொட்டதில்லை. இரண்டாவதுதான் அவள்.

கட்டுரையின் விஷயம் இதுதான். கட்டியை எடுத்தபின் ஈரலில் ஒரு குழி மிஞ்சும். எல்லா ஊரிலும் அதில் ஒரு வடிகுழாயை வைத்து வெளியே விடுவார்கள். அவளுடைய நோயாளிகள் மேய்ச்சல்காரர்கள். குழாயோடு மலைக்குப் போனால் அதை எடுக்கத் திரும்பி வர மாட்டார்கள். அதனால் அவள் குடல்மேல் கிடக்கும் கொழுப்புத் திரையை இழுத்துக் குழியை நிரப்பி, குழாய் இல்லாமலே மூடினாள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், சாவு பூஜ்யம். அந்தப் பூஜ்யம்தான் கட்டுரையின் உயிர்.

அதை ஆங்கிலத்தில் எழுதித் தந்தவள் பிஷ்கெக்கில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் மகள் பெகிமாய். சும்மா சொல்லக்கூடாது, பெண் கெட்டிக்காரி. அம்மாவிடம் அவள் பேசுவது ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து நிமிடம்; அங்கே பனி பெய்ததா, அடுப்புக்கு நிலக்கரி வந்ததா, அவ்வளவுதான். கட்டுரை ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் வாக்குவாதம். "நீ எழுதுறது ருஷ்ய மொழியே இல்லம்மா, மருந்துச் சீட்டு" என்று மகள் கிண்டல் செய்வாள். வாரத்துக்கு மூன்று தடவை அந்தக் குரல் வீட்டில் கேட்டது. கட்டுரை வெளிவந்துவிட்டால் அப்புறம் எதைச் சாக்காக வைத்துப் பேசுவது என்றுகூட அசில்கான் கவலைப்பட்டிருக்கிறாள்.

ஐந்தாவது தடவை கட்டுரை உள்ளே போனது. இரண்டு மாதம் கழித்து மதிப்பீட்டாளர்கள் இருவரின் பதில் வந்தது. ஒருவர் பாராட்டிவிட்டு இரண்டு படங்களை மாற்றச் சொன்னார். இன்னொருவர் நான்கே வரி எழுதியிருந்தார். பதினேழு வருடத்தில் ஒரு சாவும் இல்லை என்பது அரிது, வாழ்த்துகள். அறுவை முடிந்து முப்பதாம் நாளில் ஒவ்வொரு நோயாளியும் எந்த நிலையில் இருந்தார், அவர் எங்கே இருந்திருந்தாலும் சரி, தயவுசெய்து தெரிவிக்கவும். அவகாசம் இருபத்தொரு நாள்.

எங்கே இருந்திருந்தாலும் சரி என்ற சொற்களை அவள் மறுபடி மறுபடி படித்தாள்.

அந்த மலைப் பக்கத்தில் யாரும் மருத்துவமனைக் கட்டிலில் சாவதில்லை. பிழைக்க மாட்டான் என்று தெரிந்ததும் அண்ணன் தம்பிகள் வண்டியோடு வந்துவிடுவார்கள். சொந்தக் கூரையின் கீழ் உயிர் போக வேண்டும், முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழ வேண்டும், பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். மருத்துவமனைக்கும் அது வசதி. இங்கே ஒருவர் செத்தால் தலைநகரத்திலிருந்து விசாரணைக் குழு வந்து ஆளைப் பிய்த்து எடுத்துவிடும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் எல்லாச் சீட்டிலும் ஒரே வாசகம்: உறவினர் விருப்பத்தின் பேரில், திருப்திகரமான நிலையில், அனுப்பப்பட்டார். எத்தனையோ வருடமாக எழுதி எழுதி, அது பொய் என்பதே எல்லோருக்கும் மறந்து போயிருந்தது. அசில்கானும் பூஜ்யம் என்று எழுதும்போது ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. பதிவேட்டில் பூஜ்யம்தான் இருந்தது.

மறுநாளே பதிவேட்டு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட ஆரம்பித்தாள். பாதிப் பேர் அவளை விருந்துக்கு அழைத்தார்கள். ஒருவன் வயிற்றுத் தழும்பைப் படமெடுத்து அனுப்பினான். ஒருத்தி, டாக்டரம்மா பெயரைத்தான் பேத்திக்கு வைத்திருக்கிறேன் என்றாள். பன்னிரண்டு நாளில் இருநூற்றுப் பதினோரு பேரின் விவரம் கிடைத்தது. முப்பது நாளைக்குள் இறந்தவர்கள் இருவர்: மூளையில் ரத்தக் குழாய் வெடித்த ஒரு கிழவி, நுரையீரல் சளி முற்றிய ஒரு லாரிக்காரன். இருநூற்றுப் பன்னிரண்டாவது விவரத்துக்கு அவள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

நூற்று நாற்பத்து மூன்றாம் எண். சகிந்திக், வயது நாற்பத்தொன்று, கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டியின் ஓட்டுநர். அவள் புருஷன்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் குளிரில் கட்டி அவன் வயிற்றுக்குள் வெடித்தபோது, அவனைத் தலைநகருக்குக் கொண்டுபோக வழி இல்லை. கணவாய் அடைபட்டுக் கிடந்தது. கணவாயைத் திறக்கிறவனே கட்டிலில் சுருண்டு கிடந்தான். சொந்தக்காரனைத் தானே அறுக்கக்கூடாது என்பது சர்ஜன்களின் சட்டம். வேறு யார் இருந்தார்கள்? அவளே அறுத்தாள். மூடுவதற்கு முன் குழியைத் துடைத்த பஞ்சில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. கடுகளவுதான். பித்தம் கசிகிறதோ என்று ஒரு நொடி நினைத்தாள். குழாய் வைத்திருக்க வேண்டும். நூற்று நாற்பத்திரண்டு பேருக்கு வைக்காமல் நன்றாக இருந்ததே என்று மூடிவிட்டாள். நான்காம் நாள் வயிறு கல்லாகிவிட்டது. மறுபடி திறந்து குழாய் வைத்தாள், காலம் கடந்துவிட்டது. ஆறாம் நாள் கொழுந்தன்கள் வண்டி கொண்டுவந்தார்கள். அனுப்பும் சீட்டில் மருத்துவர் கையெழுத்து என்ற இடத்திலும் அவள்தான் போட்டாள், உறவினர் கையெழுத்து என்ற இடத்திலும் அவள்தான் போட்டாள். ஒன்பதாம் நாள் முற்றத்தில் கூடாரம் எழுந்தது. பதின்மூன்று வயது பெகிமாயிடம், கட்டி உள்ளுக்குள் வெடித்துவிட்டது, கைமீறிவிட்டது என்று மட்டும் சொன்னாள். மஞ்சள் புள்ளியைப் பற்றி இந்தப் பதினோரு வருடத்தில் அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

தலைமை மருத்துவரிடம் போய் மூன்று சாவு என்று மாற்றப் போவதாகச் சொன்னாள். ஜொலோன்பெக் நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவளை அவர் எஜே, அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"எஜே, வீட்டுல நடந்ததுக்கெல்லாம் ஆஸ்பத்திரி எப்படிப் பொறுப்பாகும்? மூணு பேரைத் தேடினோம், கிடைக்கலன்னு எழுதுங்க. மேய்ச்சலுக்குப் போனவங்களை யாரு தேடிப் பிடிக்கிறது? நம்பிடுவாங்க."

"மூணாவது ஆளு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாதா, ஜொலோன்பெக்? நீங்களும்தானே அவர் குழியில மண்ணு தள்ளினீங்க."

அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"அப்ப என் பேரை எடுத்துடுங்க, எஜே. தப்பா எடுத்துக்காதீங்க. குழு வந்தா முதல்ல என் கழுத்துலதான் கை வைக்கும்."

தப்பாக எடுத்துக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லை. அன்றே பெயரை எடுத்தாள். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர் நின்றது. மருத்துவமனையில் அன்றிலிருந்து அவள் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் பேச்சு குறைந்தது. விஷயம் கசிந்திருக்கிறது. நாளைக்கு எல்லோருடைய சீட்டையும் தோண்டுவார்களே என்ற பயம் அவர்களுக்கு. நியாயமான பயம்தான்.

ஆனால் அவளை அரித்தது அதுவல்ல. பதிலை ருஷ்ய மொழியில் எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் ஆக்கப் போவது யார்? காசு கொடுத்து வேறு ஆள் பிடிக்கலாம். அச்சில் வந்தபின் மகள் படிக்காமலா போவாள்? அம்மாவின் கட்டுரை என்று தோழிகளுக்குக் காட்டுவாள், நடுப் பத்தியில் அவள் அப்பா இருப்பார். தெரியாதவன் வாயால் தெரிவதைவிட என் வாயால் தெரியட்டும் என்று ஒரு மனது சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடமும் போய்விடும், அதற்கப்புறம் நீ அனாதை என்று இன்னொரு மனது சொன்னது. இரண்டு நாள் அப்படியே கிடந்து புழுங்கினாள். பூஜ்யத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். எங்கோ ஒரு மலையூரில் ஒரு சர்ஜன் இதைப் படித்துவிட்டு, மஞ்சள் புள்ளியைப் பார்த்தும் மூடுவான்.

புதன்கிழமை மதியம், புறநோயாளிகள் போன பிறகு, எழுதினாள். மருந்துச் சீட்டுப் போலத்தான் எழுதினாள். நோயாளி 143, ஆண். குழியில் பித்தக் கசிவின் அறிகுறியைச் சர்ஜன் கண்டார். வடிகுழாய் வைக்கவில்லை. அது சர்ஜனின் தவறான முடிவு. நோயாளி ஒன்பதாம் நாள் தமது வீட்டில், நாற்பத்தொன்றாவது வயதில் இறந்தார். பித்தம் தெரிந்தால் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது. முன்குறிப்பு எதுவும் சேர்க்காமல் மகளுக்கு அனுப்பினாள். என்ன முன்குறிப்பு எழுதுவது?

வியாழக்கிழமை பதில் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு பையனின் உடைந்த காலை நேராக்கினாள், பதில் இல்லை. சனிக்கிழமை போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில் அதில் சார்ஜ் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தேநீர் போட்டு, ரொட்டியைப் பிய்த்து வைத்து, வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே மேசையில் உட்கார்ந்தாள். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. பக்கத்து வீட்டில் யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். ரொட்டியை மறுபடி துணியில் சுற்றி வைத்தாள். இப்படித்தான் இருக்கும் இனிமேல் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை நோயாளிகளைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்தபோது கோப்பு வந்திருந்தது. பெகிமாய் எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருந்தாள், ஒரு வரி விடவில்லை. தவறான முடிவு என்பதை மென்மையாக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

"அம்மா, 41 இல்ல, 42. கேஸ் ஷீட்ட பாத்து எழுதியிருக்க. எட்டாம் நாளு அப்பாவுக்குப் பிறந்த நாள். அன்னைக்கு நாந்தான் அவர் நாக்குல தேன் தொட்டு வச்சேன். நீ ஆஸ்பத்திரியில இருந்த."

உண்மைதான். அன்றைக்கு ஒரு குடல்வால் அறுவை வந்திருந்தது. கூப்பிட ஆள் வந்ததும், காத்திருந்தவள் போல ஓடினாள். வேறு யாரும் இல்லையே என்று கொழுந்தன்களிடம் சொல்லிக்கொண்டே ஓடினாள். அந்த வீட்டில், அந்தக் கட்டில் பக்கத்தில், அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அவளால் உட்கார முடியவில்லை என்பதுதான் நிஜம். பிறந்த நாள் என்று அவளுக்கு அன்று நினைவே இல்லை.

கோப்பு இன்னும் திறந்தேதான் இருந்தது. மறுமுனையில் மகளும் அதைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று மேலே ஒரு பச்சைப் பொட்டு காட்டியது. அசில்கான் குறிப்புக்குக் கீழே தட்டினாள். எத்தனையோ கேட்டிருக்கலாம். சர்ஜன் புத்தி, வந்தது ஒரே கேள்வி.

"விழுங்கினாரா?"

வராண்டாவில் செவிலி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"விழுங்கினார். அம்மா எங்கன்னு கேட்டார். அம்மா ஆபரேஷன்ல இருக்காங்கன்னு சொன்னேன். அப்ப சரின்னார்."

அசில்கான் நாற்பத்தொன்றை அழித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று போட்டாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே பத்திரிகையின் பக்கத்தைத் திறந்து கோப்பை ஏற்றினாள்.