நாலு வயதுக் கை

பாலர் பள்ளியில் எங்களுக்கு ஒரே சட்டம்தான்: பிள்ளைகள் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது. வெளியூரில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ தங்கள் குரலில் பதிந்து அனுப்பும் கதையைச் சொல்கிற பெட்டி ஒன்றை, நாலு வயதுப் பிள்ளைகளுக்காக எங்கள் நிறுவனம் செய்கிறது. அதன் வடிவத்தை அவர்களே சொல்லட்டும் என்று வாராவாரம் அட்டையும் பசையுமாகப் போய்த் தரையில் உட்காருகிறோம். என் முழங்கால் படும் பாட்டை யாரிடமும் சொல்வதில்லை.

கைப்பிடி என் பொறுப்பு. அதற்காக நான் யார் கையையும் அளக்கவில்லை. நாலு வயதுக் கை எனக்குத் தெரியாதா, வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்ற திமிர். என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த மகளின் கையை நினைத்தேன், வரைந்தேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மாதிரிப் பெட்டியை நடுவில் வைத்ததும் வகுப்பின் வாலு முதலில் பாய்ந்தாள். கைப்பிடிக்குள் அவளுடைய இரண்டு விரல்தான் நுழைந்தது. தூக்கி என் மடியில் போட்டாள்.

"இது பாப்பாவுக்கு."

மற்றவர்களும் நுழைத்துப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். டீச்சருக்குச் சிரிப்பு.

"யார் கைய அளந்து செஞ்சீங்க சார்?"

இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஊரைவிட்டு நான் இங்கே கிளம்பி வந்தபோது மகளுக்கு இரண்டு வயது. அப்புறம் தினமும் போனில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன். கையை எங்கே பார்த்தேன்? பெற்ற பிள்ளையின் கை வளர்ந்ததை ஊரார் பிள்ளைகள் சொல்லித் தெரிந்துகொள்கிற அப்பன் நான்.

ஒப்பந்தம் முடிய நாற்பது நாள். இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லி மேலாளர் கொடுத்த காகிதம் அறையில் மேசைமேல் கிடந்தது. கையெழுத்துப் போடலாம் என்றுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் போனில் மகளிடம், "உன் கையக் காட்டுடா, எவ்ளோ பெருசுன்னு பாக்கறேன்" என்றேன்.

தள்ளிப் பிடித்தாள். பொடிசாகத் தெரிந்தது.

"கிட்டக் கொண்டா."

கொண்டுவரக் கொண்டுவரக் கை பெரிதாகிக்கொண்டே போனது. இதில் எந்த அளவு அவளுடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் போன்மேலேயே வைத்து அழுத்திவிட்டாள். திரை இருண்டது.

"தெரியுதாப்பா?"

"தெரியலடா கண்ணு. நேர்ல வந்து பாத்துக்கறேன்."

"எப்ப?"

வழக்கமாக 'சீக்கிரம்' என்பேன். அந்தப் பொய் அன்றைக்கு வாயில் வரவில்லை.

"நாப்பது நாள்ல."

"ஏங்க, நெசமாவா?" என்று அவள் அம்மாவின் குரல் கேட்டது.

"நெசமாத்தான்."

மகள் கையை எடுக்காமலே ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். இருபதில் நின்றுவிட்டாள்.

"அதுக்கு மேல தெரியாதுப்பா."

"பரவால்ல, திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணு."

எண்ணினாள். இருண்ட திரையைப் பார்த்தபடி நானும் கூடவே எண்ணினேன்.