முதல் செம்புத் தண்ணீர்

எங்கள் வீட்டுத் தண்ணீரில் காரீயம் இருக்கிறது என்று ஆய்வுகூடத்து அறிக்கை வந்த அன்று வீடே இரண்டுபட்டது. நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகிற பிள்ளையை நினைத்து, மானிப்பாய்க் கிணறுகளில் உரம் கலந்திருக்கலாம், ஒருதடவை சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தார். உரம் இல்லை. யாரும் நினைக்காத காரீயம்தான் பாதுகாப்பு எல்லையைத் தாண்டி நின்றது. அது தாயின் இரத்தத்தில் ஏறினால் வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். விஞ்ஞான ரீச்சரான எனக்கு இது தெரியாததல்ல. அறிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

என் மாமனார் சீவரத்தினம் அறிக்கையைத் தொடக்கூட இல்லை.

"என்ரை கிணத்திலை காரீயமோ? அவங்கடை மெசின் பழுது, தயாளினி. கொதிக்க வைச்சுக் குடி, எல்லாம் போயிடும்."

"கொதிக்க வைச்சால் கிருமிதான் சாகும், மாமா. காரீயம் அப்பிடியே கிடக்கும்."

கிணற்றைக் குறை சொன்னால் மாமாவுக்குத் தாங்காது. விடியமுன் குளித்துவிட்டு, வேறு யாரும் சமைக்க வந்து குசினிப் பைப்பைத் திறக்கமுதல் தானே திறப்பார். ஒருவரும் தொடாத அந்த முதல் தண்ணீரை வெள்ளிச் செம்பில் பிடித்துச் சாமி அறையில் வைப்பார். பூசை முடிந்ததும் அதே செம்பு எனக்கு வரும். நான் கர்ப்பமான நாளிலிருந்து ஒரு காலையும் தவறியதில்லை. ஒருநாள் குமட்டலில் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரையே போத்தலில் ஊற்றிச் சோதனைக்குக் கொடுத்திருந்தேன்.

என் கணவர் செந்தூரன் கடைத் தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவந்து அடுக்கினார். பிள்ளை பிறக்கும்வரை புத்தூரில் என் அம்மா வீட்டில் போய் இருக்கச் சொன்னார். போக எனக்குத் துளியும் மனமில்லை, பையை மட்டும் கட்டி வைத்தேன். அதற்குள் செய்தி வேலி தாண்டிவிட்டது. கிணற்றில் பாதிப் பங்குக்காரரான நாகலிங்கம் அண்ணை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"பங்குக் கிணத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லமுதல் எனக்குச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி? நாங்களும் அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறம்!"

சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. ஒரே கிணறு, இரண்டு வீடு! அப்படியென்றால் அவர் வீட்டுப் பைப்பிலும் காரீயம் இருக்கத்தானே வேண்டும்? மறுநாளே நான்கு போத்தல் தண்ணீர் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். கிணற்றிலிருந்து வாளியால் நேரே அள்ளியது, அண்ணை வீட்டுப் பைப், எங்கள் பைப்பில் விடியற்காலை முதலில் வந்தது, மத்தியானம் சமைத்து முடித்தபின் பிடித்தது.

முடிவு வந்தபோது நான் மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். செந்தூரன் போனில் மூச்சு வாங்கினார்.

"கிணறு சுத்தம்! அண்ணை வீடும் சுத்தம்! எங்கடை விடியக்காலைத் தண்ணியிலைதான் எல்லை மீறிக் கிடக்கு. மத்தியானத் தண்ணியிலை இருக்கு, ஆனால் எல்லைக்குள்ளை."

நான் போட்ட கூச்சலில் கத்தரிக்காய்க்காரி தராசை விட்டுவிட்டாள். கள்ளன் எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறான்! ஓட்டோ பிடித்துப் பறந்தேன். வாசலில் செந்தூரன், "ஓடாதையும், மெல்ல வாரும்" என்று கத்தியது காதில் விழவேயில்லை.

கிணறு தப்பிய சந்தோசத்தில் நாகலிங்கம் அண்ணை தானாகவே சுத்தியலோடு வந்துவிட்டார். கிணற்றிலிருந்து தண்ணீர்த் தாங்கிவரை எல்லாமே புதிய பிளாஸ்ரிக் குழாய். மிச்சம் குசினிச் சுவருக்குள் இருப்பது மட்டும்தான். அண்ணை சாந்தைத் தட்டத் தட்டச் சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த குழாய் வெளியே வந்தது. மோட்டார்சைக்கிள் திறப்பின் கூர்முனையால் சுரண்டினேன். வெண்ணெய்போல மேல்படை உரிந்து உள்ளே வெள்ளியாய்ப் பளபளத்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. இரும்பில்லை.

"பிடிச்சிட்டன்! காரீயக் குழாய்!"

நான் கைதட்ட, அண்ணையும் கைதட்டினார்.

"உது எங்கடை அப்பா வீடு கட்டேக்கை போட்டது" என்றார் மாமா. "மற்றதெல்லாம் துருப்பிடிச்சு மாத்தினாங்கள். உது துருப்பிடிக்கேல்லை எண்டு நான்தான் விடச் சொன்னனான்."

"அதென்ன தங்கச்சி, விடியக்காலையிலை மட்டும் அவ்வளவு கூடுதல்?" என்று கேட்டார் அண்ணை.

வகுப்பில் பதில் சொல்கிற உற்சாகம் எனக்கு. "இரவு முழுக்கக் குழாய்க்குள்ளை தேங்கிக் கிடக்கிற தண்ணியிலைதான் காரீயம் கூடுதலாய்க் கரையும் அண்ணை. விடிய முதல் வாற தண்ணிதான் ஆக மோசமானது..."

சொல்லி முடிக்கமுன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"நான்தானே தந்தனான், பிள்ளை. நாள் தவறாமல் நான்தானே தந்தனான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபம் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"மாமா, முதல்முதல் சோதனைக்குக் குடுத்தது உங்கடை செம்புத் தண்ணியைத்தான். மத்தியானத் தண்ணியைக் குடுத்திருந்தால் எல்லாம் சரியெண்டு வந்திருக்கும். நாங்களும் பேசாமல் குடிச்சுக்கொண்டே இருந்திருப்பம்."



அடுத்த வாரம் என் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. காரீயம் ஏறியிருந்தது கொஞ்சம்தான், நேரத்தோடு கண்டுபிடித்தது நல்லது, இனி ஒரு சொட்டும் சேரக்கூடாது என்றார் டொக்டர். செந்தூரன் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். புத்தூருக்குக் கட்டிய பையை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவிழ்த்துக் கொட்டினேன்.

சுவருக்குள் புதிய குழாய் போட்டு முடிந்த மறுநாள் விடியற்காலை, மாமா குளித்துவிட்டுக் குசினிக்கு வந்தார். நானும் செந்தூரனும் முன்னமே எழும்பி நின்றோம். மாமா பைப்பைத் திறந்தார், ஆனால் செம்பை நீட்டவில்லை. தண்ணீர் சளசளவென்று ஓடியது.

"புதுக் குழாய்தானே மாமா, பிடியுங்கோவன்."

"ஓடட்டும்."

நன்றாக ஓடவிட்டபின் செம்பை நிறைத்தார். முதலில் தானே அண்ணாந்து ஒரு மிடறு குடித்தார். பிறகு சாமி அறைப் பக்கம் திரும்பாமல் செம்பை என்னிடம் நீட்டினார்.

"சாமிக்கு வைக்கேல்லையோ, மாமா?"

"அவர் பொறுப்பார். நீ குடி."