மெட்டுக்குக் கீழே

...அப்படியென்றால் தண்ணீர் குடிக்கலாமா கூடாதா, குடித்தால் தொண்டை இளகும், ஆனால் பாதிப் பாட்டில் ஒன்றுக்கு முட்டும், குடிக்காவிட்டால் முதல் வரியிலேயே இருமல் வந்துவிட்டால்... பெமிலா பாட்டிலை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். மார்த்தாண்டத்துக் கல்யாண மண்டபத்தில் வரிசை நகரவே மாட்டேன் என்றது. புதிதாகத் தொடங்கும் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்க டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள், ஒருவர் பாட்டின் மேல் இன்னொருவர் பாட்டு விழுந்து, சந்தைக்குள் நிற்கிற மாதிரி. நெஞ்சில் ஒட்டிய எண் வியர்வையில் ஓரம் கிளம்பியது. பக்கத்தில் குளோரி மைனி, புருஷன் ரிஜோவின் அண்ணன் மனைவி, ஏத்தங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டு... இவளுக்கு மட்டும் எப்படி இப்போது பசிக்கிறது? "ஏட்டி, என்னத்துக்கு இந்த வெப்ராளமும் பயமும்? கோயில்ல அவ்வளவு பேருக்கு முன்ன நின்னு பாடுகவதானே நீ?"

பாடுகிறவள்தான். சர்ச் பாட்டுக்குழுவான கொயரில் சேர்ந்த நாள் முதல் இரண்டாம் வரிசையில், ஆல்ட்டோவாக, அதாவது இரண்டாம் குரலாக. மெட்டை மைனி மேலே கொண்டுபோவாள், பெமிலா அதற்குக் கீழே இன்னொரு வழியாகக் கூடவே போவாள், தாங்கிக்கொண்டு, தலைகாட்டாமல். ஆராதனை முடிந்ததும் ஆட்கள் மைனியின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். கிறிஸ்மஸ் பாட்டின் வீடியோவை மஸ்கட்டுக்கு அனுப்பியபோது ரிஜோ, கட்டின புருஷன், என்ன சொன்னான்? "மைனி தகர்த்துட்டாவ கேட்டியா, என்னா பாட்டு! ஒனக்க சத்தம் எங்கட்டி? வாய மட்டும் அசைச்சியா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான், அவளும் சிரித்தாள், ஆனால் போனை வைத்த பிறகு அது உள்ளே எங்கேயோ போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அங்கே அவன் கூட்டாளிகளோடு டிவி பார்க்கும்போது அவள் குரல் மட்டும் கேட்க வேண்டும், யாருடையதும் கலக்காமல். அது ஒரு பெரிய ஆசையா? மைனிதான் பெயர் கொடுக்கச் சொன்னாள், மைனிதான் பாட்டும் படிப்பித்தாள், பழைய படத்துத் தாலாட்டு ஒன்று, அடுக்களையில் தேங்காய் திருகிக்கொண்டே இருவரும் சேர்ந்து...

எண்ணைக் கூப்பிட்டார்கள். மைனியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஏசி குளிர், மேசைக்குப் பின்னால் நடுவராக ஒரு அம்மாள், ஓரத்தில் கீபோர்டுக்காரர். பெமிலா கண்ணை மூடிப் பாடினாள், பிசிறில்லாமல்தான் பாடினாள், பிறகு ஏன் அந்த அம்மாள் புருவத்தைச் சுருக்குகிறார்? "குரல் நல்லாருக்கும்மா. ஆனா இது என்ன பாட்டு?" என்ன பாட்டா... அப்போதுதான் உறைத்தது. அடுக்களையில் மெட்டைப் பாடியது மைனி. இவள் பழக்கத்தில் கீழேயே போயிருக்கிறாள், இத்தனை நாளும், இருவரும் சேர்ந்ததால் பாட்டு முழுதாகக் கேட்டது, தனியே எடுத்து வைத்தால் பாதிதான், அதுவும் கீழ்ப்பாதி... கர்த்தாவே, இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

"மேடம், நான் கொயரில பாடுகவ... ரண்டாம் குரலப் பாடிட்டேன்." கீபோர்டுக்காரர் சிரித்தார், ஆனால் மெட்டை வாசித்துப் பார்த்தார், பெமிலா அதன் கீழே பாடினாள், வாளியில் மூடி பொருந்துகிற மாதிரிப் பொருந்தியது. "சரி," என்றார் அந்த அம்மாள், "இப்ப அவர் வாசிக்க மாட்டார். மெட்டை நீங்க பாடுங்க." தெரியுமா அது? காதோரமாக எத்தனையோ தரம் கேட்டதுதான், கேட்பது வேறு, ஏறுவது வேறு... ஏறினாள். மேல் வரியில் குரல் பிளந்தது, ஆனாலும் நிற்கவில்லை, பிளந்த இடத்தைத் தாண்டிப் போனது, இது யாருடைய சத்தம், இவ்வளவு கரகரப்பா எனக்கு, இது நன்றாக இருக்கிறதா இல்லையா... "மத்தியானத்துக்கு மேல இன்னொரு தடவை கேக்கணும். போயிடாதீங்க."

வெளியே வந்ததும் மைனி பிடித்துக்கொண்டாள். "என்னட்டி சொன்னாவ? எடுத்தாவளா?" தெரியாது, இருக்கச் சொன்னாவ, என்று நடந்ததைச் சொன்னபோது மைனிக்குச் சிரிப்பில் சிப்ஸ் புரையேறியது. "அட சண்டாளி, நான் மெட்டு படிப்பிச்சேன்னுல்லா நெனச்சேன்! செரி, பாடு, இப்பம் படிப்போம்." மண்டபத்து மதில் நிழலில் பெமிலா மெட்டைத் தொடங்கினாள். மைனியும் அதிலேயே சேர்ந்தாள், அவளுக்கு வேறு வழி தெரியாதே... இரண்டு குரலும் ஒரே தடத்தில் தோளோடு தோள் இடித்தன. கொயரில் இப்படி இடித்தால் இறங்குவது ஆல்ட்டோதான், யாரும் சொல்ல வேண்டியதில்லை. கீழே அந்த இடம் காலியாகக் கிடப்பது தெரிந்தது, பழகின இடம், ஒரு அடி வைத்தால் போதும்... பெமிலா வைக்கவில்லை. பாடிக்கொண்டே மைனி திரும்பிப் பார்த்தாள், எறங்குட்டி என்கிறதா அந்தப் பார்வை, இல்லை, இறங்க வேண்டியவள் இந்தத் தடவை நானோ என்று மைனியே திகைக்கிறாளா... மேல் வரி வந்துவிட்டது, இரண்டு பேரும் மூச்சை இழுத்தார்கள்.