அந்த டைட்டில் பாட்டு

கொல்லையிலிருந்து அள்ளி வந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கோபால்சாமியின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார் அவருடைய அண்ணன் ஆதிநாராயணன். விட்டுவிட்டுத் தம்பியின் நெஞ்சையே பார்த்தார். ஏறியது. இறங்கியது.

"மண்ணாச இல்ல," என்றார், ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பவரைப் போல.

காலையில் காசை உரசி ஊற்றியிருந்தார்கள். பிறகு ஆட்டுக்கால் சூப். அதற்கும் முன்னால் குணசீலன் மாமா பிராந்தி கொடுத்துப் பார்த்தார். நோயாளிக்குப் போனதைவிட மாமாவுக்குப் போனதுதான் அதிகம். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதிலிருந்து கண் திறக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஏதோ ஓர் ஆசை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதில் உறவினர்களுக்குச் சந்தேகமில்லை. எந்த ஆசை என்பதில்தான் கருத்து வேறுபாடு.

மகள் நதியா அப்பாவின் பாதத்தைப் பிடித்தபடி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பாவின் பார்வை மூலையில் போர்வை மூடியிருந்த பழைய டிவிக்குப் போனது.

"அந்தப் பாட்டு," என்றார் அவர்.



அவள் மூன்றாவது படிக்கும்போது புளி விற்ற காசில் வந்த டிவி அது. ஞாயிற்றுக்கிழமைத் தொடருக்கு ஊரே வந்து உட்காரும். டைட்டில் பாட்டு தொடங்கியதும் அப்பா, "பேரு போடுறான், கம்னு கெட" என்பார். பிறகு அந்த வீட்டில் வாத்தியார் வந்தாலும், பூசாரி மணியடித்தாலும், சத்தம் போடாதே என்பதற்கு "பேரு போடுறான்"தான். வார்த்தையில்லாத அந்தப் பாட்டை ஏர் ஓட்டும்போதும் தந்தன்னா போட்டுப் பாடுவார். ஒரு ஞாயிறு, பாட்டு ஓடும்போதே தாத்தா சுவரில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம் அதே பாட்டில் மங்கம்மாள் அத்தை. நடுவில் ஓர் ஆடு செத்தது. அதையும் கணக்கில் சேர்த்தார்கள். அம்மா சாந்தம்மாள் டிவிக்குப் போர்வை போர்த்தினாள். அப்பா அதற்குப் பிறகு பாடவில்லை.

"போன்லதான் எல்லாம் கீதே. போடும்மா."

"டவர் இல்ல பெரியப்பா."

"நேத்து பாற மேல ஏறி நின்னு பேசிக்கினு இருந்தியே."

பாட்டு போனிலேயே இருந்தது. வேலூர் விடுதி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். முடிந்த உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "அப்பா சாப்ட்டாரா?" என்று கேட்பாள்.

"அவரு சாவணும்னு நான் போடணுமா?"

"எவன் அப்டி சொன்னது? நல்லபடியா போவட்டும்னு சொல்றோம்."

"ஆடு கூட கஷ்டப்படாமத்தான் போச்சு," என்று மாமா ஆறுதல் சொன்னார்.

டீ வந்திருப்பதாகக் குரல் கேட்டது. ஆண்கள் வாசலுக்குப் போனார்கள். அப்பாவின் தொண்டையில் கரகரவென்று ஏதோ உருண்டது. அம்மா அவர் உதட்டிலிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள்.

"உங்கிட்ட இருக்குதா?"

நதியா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்குது" என்றாள்.

"நீ போட வாணாம். பொண்ணு போட்டுத்தான் செத்தான்னு காலத்துக்கும் பேசுவானுங்க."

சொல்லிவிட்டு அம்மா குனிந்து, அவர் காதோடு வாய் வைத்து, தந்தன்னா என்று தொடங்கினாள். சுருதி எங்கோ போனது. ஆனால் ஓர் இடம்கூட மறந்திருக்கவில்லை.

"வாணாம்மா." நதியா எட்டி அவள் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் உதடுகள் விடாமல் அசைந்தன. கையை எடுத்துவிட்டாள்.

பாதத்தில் கட்டைவிரல் ஒருமுறை அசைந்தது. தாளமா, வலியா தெரியவில்லை. பாட்டு மேலே ஏறும் இடத்தில் அம்மாவுக்கு மூச்சு எட்டவில்லை. நதியா அங்கிருந்து எடுத்துக்கொண்டாள்.

வாசலில் பேச்சு அடங்கியது. டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் கல்லின் மேல் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை.