கொட்டாம்பாறைக்கு ஒரு சின்ன லென்ஸ்

“இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லயே பண்ணிடறாங்கம்மா” என்று சொல்லி அதிகாரி செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

போனில் பதினோரு படங்கள் இருந்தன. கல்வராயன் மலையில் குஞ்சம்மாளின் ஊரான கொட்டாம்பாறைக்குப் போகும் பாதை. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவில் ஓராள் நடக்கிற அகலம். காகிதத்தில் மட்டும் அங்கே தார்ச்சாலை போட்டு முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வந்து பாருங்கள் என்று நான்கு முறை மனு எழுதிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

குஞ்சம்மாள் அங்கிருந்து நேராகக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனாள். அதை நடத்துபவள் செந்தமிழ்ச்செல்வி. பாஸ்போர்ட் படம், கல்யாணம், மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பாள். அவளுடைய அம்மா மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டி அவளைப் படிக்க வைத்தவள்.

“இத்தயே பெருசா போட்டுக் குடு செல்வி. அப்பவாச்சும் அந்தாளு நம்புறானா பாக்கறேன்.”

“பெருசா போட்டாலும் அதேதான் சொல்லுவாருக்கா. ஃபிலிம்ல எடுக்கலாம். நெகட்டிவக் கையில குடுத்து, இதுல எந்தக் கம்ப்யூட்டர் கீதுன்னு காட்டச் சொல்லலாம்.”

செல்வியிடம் ஒரு மரக் கேமரா இருந்தது. மடக்கினால் பெட்டி, விரித்தால் துருத்தி வைத்த கேமரா. ஒரு படத்துக்கு உள்ளங்கை அகல ஃபிலிம் ஒரு தகடு. ஓய்வு நாட்களில் திருக்கோவிலூர் கோபுரத்தையும் ஆற்றையும் அதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவளிடம் இருந்தது 150 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான். அதைவிட அகலமாகக் காட்டும் 90 ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிக்கொண்டு மலை ஏறினாள்.

ஏறிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பாதை வளைகிற இடத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறை மேல் மட்டுமே கேமராவை நிறுத்த முடியும். ஒரு அடி பின்னால் வைத்தாலும் பள்ளம். அங்கிருந்து 150-ஐ வைத்துப் பார்த்தால் ஆட்கள் நன்றாகத் தெரிந்தார்கள். பாறைச்சுவரும் பள்ளமும் வெளியே போயின. 90-ஐ மாட்டினாள். எல்லாம் உள்ளே வந்தன. குஞ்சம்மாள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த தன் மலையைப் பார்த்தாள்.

“இன்னா செல்வி, மலையே எங்கியோ தள்ளிப் போயிக்கினு கீது? பள்ளம் வாய்க்கா மாதிரி தெரியுது. ஓரத்துல நிக்கறவன் கை மட்டும் இம்மாம் நீளம். இத்தப் பாத்தா, இதுக்கா இவ்ளோ சத்தம்னு கேப்பான்.”

அவள் சொன்னது சரிதான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்.

சென்னையில் பழைய கேமரா சாமான் விற்கும் சிவசங்கர் இரண்டு லென்ஸ்களை மேசையில் வைத்தார். ஒன்று 115. முன்கண்ணாடி தேநீர்க் குவளை வாய் அகலம், முக்கால் கிலோ கனம். இன்னொன்று 125. கால் கிலோ, உள்ளங்கைக்குள் மூடிக்கொள்ளலாம்.

“பெருச எடுத்துக்கங்க மேடம். உசரமானது உள்ள வர லென்ஸ எவ்ளோ மேல தூக்கினாலும் படத்தோட மூலை கறுக்காது. தொழில் பண்றவங்க இதைத்தான் எடுப்பாங்க. சின்னது ஹாபிக்கு.”

“இத மாட்டிக்கினே என் கேமராவ மடக்க முடியுமா சார்?”

“முடியாது. தனிப் பெட்டி வேணும்.”

“நான் போற பாதையில ஒரு கை பாறையப் புடிக்கணும். தனிப் பெட்டிய எந்தக் கையில புடிக்கறது?”

“கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க. பொம்பளை தனியா எதுக்கு இந்தக் கஷ்டம்?”

செல்வி சின்ன லென்ஸை எடுத்து டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாள். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து, காதோரம் பிடித்து, போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். பத்து முறை. பத்து முறையும் சரியாக மூடியது.

“மூலை கறுக்கும். அப்புறம் எங்கிட்ட வந்து சொல்லக் கூடாது” என்றார் அவர்.

“கறுத்தா கறுக்கட்டும் சார். பாதை தெரிஞ்சாப் போதும்.”

படம் எடுப்பதற்காக யாரையும் நடிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணியான தமிழ்மொழியை மாதா மாதம் டோலி கட்டித்தான் பரிசோதனைக்குக் கீழே தூக்கிப் போவார்கள். அந்த வியாழக்கிழமை காலை செல்வி பாறை மேல் முக்காலியை நிறுத்திக் காத்திருந்தாள். மேலிருந்து இரண்டு பேர் மூங்கிலைத் தோளில் சுமந்து வந்தார்கள். முன்னால் குஞ்சம்மாள்.

அதே நேரம் கீழிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் ஏறி வந்தார். சாலை போட்டதாகக் கணக்குக் காட்டிய ஒப்பந்தக்காரர் ஜெயப்பிரகாஷ். யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். பைக்கைக் கீழே இருக்கும் ஓடைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு நடந்துதான் வந்திருந்தார்.

“யாரைக் கேட்டு எடுக்கறீங்க? ரோட்ல படம் எடுக்க பர்மிஷன் இருக்குதா?”

“எந்த ரோட்லங்க?” என்று கேட்டாள் குஞ்சம்மாள்.

மூங்கில் தூக்கியவர்கள் சிரித்தார்கள். ஜெயப்பிரகாஷ் கேமராவிடம் வரப் பார்த்தார். வர வழியில்லை. அவருக்கும் கேமராவுக்கும் நடுவில் டோலி பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கால் விரலுக்கு முன்னால் பள்ளத்தைப் பார்த்தபடி அவர் அப்படியே நின்றுவிட்டார்.

செல்வி துணிக்குள் பார்த்தாள். பழைய லென்ஸாக இருந்தால் அவர் சட்டத்துக்கு வெளியே போயிருப்பார். இதில் ஓர் ஓரத்தில் தலைகீழாக, முழுசாக இருந்தார். பாறையின் உச்சி தெரிவதற்காக லென்ஸை மேலே ஏற்றினாள். லென்ஸின் ஒளித்துளையை மிகச் சிறிதாக்கினாள். பாறை நிழலில் அதற்கு ஒரு விநாடி வெளிச்சம் வேண்டும்.

“எல்லாரும் ஒரு செகண்ட் ஆடாம நிக்கணும். தமிழு, முடியுமா?”

“நான் மூச்சே வுட மாட்டேன்க்கா. நீ எடு” என்றாள் தமிழ்மொழி டோலிக்குள்ளிருந்து.

“ஏய், நான் இருக்கறப்ப எடுக்காத!” என்று ஜெயப்பிரகாஷ் கத்தினார்.

“புடிக்கலன்னா நகந்துக்குங்க சார்” என்றாள் செல்வி.

திரும்பிப் போகக் காலை மாற்றி வைத்தாலே பள்ளம்தான். அவர் கத்துவதையும் நிறுத்திக்கொண்டார். தோளில் கனத்தோடு இரண்டு ஆண்கள், கேமராவை நேராக முறைத்துக்கொண்டு குஞ்சம்மாள், எல்லாரும் கல்லாக நின்றார்கள். செல்வி விசையை அழுத்தினாள். ஷட்டர் திறந்தது, மூடியது. தகடு செருகிய உறையைத் திருப்பி, மறுபக்கத் தகட்டில் இன்னொன்றும் எடுத்தாள்.

சிவசங்கர் சொன்னபடி மேல் மூலைகள் கறுத்துத்தான் போயிருந்தன. செல்வி அதை வெட்டவில்லை. ஃபிலிமின் விளிம்பு வரைக்கும் தெரியும்படி பெரிதாகப் பிரிண்ட் போட்டாள்.

அதிகாரி முதலில் பிரிண்டைப் பார்த்தார். பிறகு நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வலது ஓரத்தில் வெகுநேரம் வைத்திருந்தார்.

“இவரு…”

“ஆமா சார். ரோடு போட்டவரு. அவரு போட்ட ரோட்லதான் நின்னுக்கினு கீறாரு” என்றாள் குஞ்சம்மாள்.

“சரிம்மா. இதை இங்க குடுத்துட்டுப் போங்க. மேல அனுப்பணும்.”

செல்வி கையை நீட்டி நெகட்டிவை வாங்கிக்கொண்டாள். “பிரிண்ட வெச்சுக்கங்க சார். எத்தினி வேணும்னாலும் போட்டுத் தரேன். இது கொட்டாம்பாறைக்காரங்களுது.”

“அரசாங்க விசாரணைக்குத்தாம்மா கேக்கறேன்.”

“விசாரணைன்னா நீங்கதான் அங்க வரணும்” என்றாள் குஞ்சம்மாள். “நாங்க வூட்லதான் இருப்போம்.”

மூன்று வாரம் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். ஜீப் ஓடையோடு நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்து, அளவு நாடா பிடித்துக்கொண்டு ஏறினார்கள். சாலை முடிந்ததாகக் காட்டிய கணக்கு ரத்தானது. புதிதாக வேலை தொடங்கிய நேரத்தில் தமிழ்மொழிக்கு வலி எடுத்துவிட்டது. அவளை டோலியில்தான் வெள்ளிமலை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. இருவரும் நலம்.

செல்வி அந்தப் படத்தை ஸ்டூடியோ வாசல் கண்ணாடியில் மணப்பெண் படங்களுக்கு நடுவில் மாட்டினாள். ஜெயப்பிரகாஷின் ஆள் ஒருவன் வந்து, அண்ணன் எடுக்கச் சொன்னார் என்றான்.

“அண்ணனையே வந்து கேக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்ற பெண்ணை பாஸ்போர்ட் படத்துக்கு ஸ்டூலில் உட்காரச் சொன்னாள்.